பந்து வராத பக்கம்



பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து வீணாக்கும் நேரத்தைப் பற்றி நம் கூட்டங்களில் நிறையவே பேசப்படுகிறது. நானும் பேசியவன்தான். இன்று எழுதப்போவது அதற்குச் சற்று மாறான செய்தி. ஓர் இணைய விளையாட்டில் என் மூத்த மகன் ஓர் ஆட்டக்காரனை உருவாக்கினான். அவனருகில் சில வாரங்கள் அமர்ந்திருந்தபோது, ஒரு தந்தையாக நான் கவனிக்கத் தவறிய ஒன்றை அல்லாஹ் எனக்குக் காட்டிக்கொடுத்தான். அதைச் சொல்வதில் வெட்கம் உண்டு. ஆயினும் என்னைப் போன்ற தந்தையர் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்கு வெளியே வசிக்கிறோம். என் பூர்வீகம் காயல்பட்டினம். கால்பந்துப் போட்டி நடந்தால் மைதானத்தைச் சுற்றி ஊரே கூடிவிடும் ஊர் அது. எனவே ஃபுட்பால் என்றால் என் மனத்தில் ஒரே பொருள்தான் இருந்தது: காலால் உதைக்கும் பந்து. இந்நாட்டிலோ அச்சொல் வேறோர் ஆட்டத்தைக் குறிக்கிறது. பந்து நீள்உருண்டையாக இருக்கும். பெரும்பாலும் கையால்தான் எறிவார்கள், கையால்தான் பிடிப்பார்கள். இங்கே இருபது ஆண்டுகள் வாழ்ந்தும் அந்த ஆட்டத்தில் ஒன்றைக்கூட நான் முழுமையாகப் பார்த்ததில்லை. ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து விழும் முரட்டு ஆட்டம் என்று ஒதுக்கிவைத்திருந்தேன்.

சென்ற குளிர்காலத்தில் வீட்டில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். மூன்று முறை எழுப்பினாலும் ஃபஜ்ருக்கு எழாத பதினாறு வயது மகன், நான் எழுமுன்னரே எழுந்து ஒளூச் செய்யும் ஓசை கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று உள்ளம் குளிர்ந்தேன். நான்காம் நாள்தான் காரணம் தெரிந்தது. அவன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மடிக்கணினியின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன பார்க்கிறாய்?" என்றேன்.

"நேத்து மேட்ச் ரிசல்ட், வாப்பா. ராத்திரியிலதான் சர்வர் ஆட்டத்தை ஓட்டும். காலையில வந்துரும்."

எனக்குச் சினம் மூண்டது. தொழுகைக்காக எழுந்தான் என்று நான் மகிழ்ந்திருக்க, விளையாட்டுக்காக அல்லவா எழுந்திருக்கிறான்! அன்று காலை உணவின்போது அதைப் பெரிதாகப் பேச ஆரம்பித்தேன். என் மனைவி குறுக்கிட்டாள். "எழுந்தான்ல? ஜமாஅத்தா நின்னு தொழுதான்ல? அது என்ன விளையாட்டுன்னு முதல்ல கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் ஏசுங்க."

அவ்வாறே அந்தச் சனிக்கிழமை அவனருகில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். உண்மையைச் சொன்னால், கற்றுக்கொள்ள அமரவில்லை. விசாரணை செய்யவே அமர்ந்தேன். மூன்று கேள்விகளை வைத்திருந்தேன். பணம் செலவாகிறதா? சூதாட்டத்தின் சாயல் ஏதும் உண்டா? முகம் தெரியாதவர்களோடு என்ன பேச்சு?

மூன்றுக்கும் பொறுமையாகவே பதில் சொன்னான். பணம் கட்டினால் சில வசதிகள் உண்டு; அவன் கட்டவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் மூடிய பொட்டலங்கள் சில விளையாட்டுகளில் உள்ளன. அவை சூதுக்கு ஒப்பானவை என்று நம் இமாம் சொன்னதை அவன் நினைவில் வைத்திருந்தான். அப்படி எதுவும் இதில் இல்லை என்று காட்டினான். அணியின் பயிற்சியாளராக இருப்பவர் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த யாரோ ஒருவர். அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளைத் தயக்கமின்றி என் பக்கம் திருப்பிவைத்தான். எல்லாமே ஆட்டத்தைப் பற்றியவை. விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் திரையில் இருந்த எண்களின் பட்டியல் என்னை இருத்திவைத்தது.

இந்த விளையாட்டில் விரல் வேகத்துக்கு வேலையே இல்லை. ஒருவர் ஓர் ஆட்டக்காரனை மட்டும் உருவாக்குகிறார். உயரம், எடை, ஆடும் இடம் ஆகியவற்றைத் தொடக்கத்தில் தேர்ந்துவிட்டால் பின்னர் மாற்ற இயலாது. அதன்பின் நாள்தோறும் சில புள்ளிகள் கிடைக்கும். வேகம், வலிமை, உடல் வளைவு, துள்ளல், பந்தைப் பிடித்தல், பார்வை, தடுத்தல் என்று திறன்கள் வரிசையாக இருக்கும். புள்ளிகளை எதில் இடுவது என்பதே முழு விளையாட்டும். இதுபோல் பலர் உருவாக்கிய ஆட்டக்காரர்கள் ஓர் அணியாகச் சேர்வார்கள். பயிற்சியாளர் வியூகங்களை எழுதிவைப்பார். இரவில் கணினி அந்த ஆட்டத்தைத் தானே ஆடி முடித்துவிடும். காலையில் பார்த்தால் வட்டப் புள்ளிகள் நகர்வதைப் போல ஆட்டத்தை ஓட்டிப் பார்க்கலாம்.

கொடுத்த புள்ளியைத் திரும்பப் பெற வழியில்லை. ஒரு திறனை உயர்த்த உயர்த்த அதன் அடுத்த படிக்கான விலையும் கூடிக்கொண்டே போகும்; முதலில் ஒரு புள்ளி, பிறகு இரண்டு, அதன்பின் மூன்று. ஆட்டக்காரனுக்கு வயதும் ஆகும். சில பருவங்கள் கழிந்தால் அவன் வேகம் குறையத் தொடங்கும். ஆகவே கணக்குத் தவறினால் சரிசெய்யும் அவகாசம் கொஞ்சம்தான்.

"உன் ஆள் யார்?" என்று கேட்டேன்.

"டைட் எண்ட், வாப்பா. ரிசீவிங் டைட் எண்ட்."

எனக்கு அது புரியவில்லை. ஒரு தாளை எடுத்து வட்டங்கள் வரைந்து விளக்கினான். ஓர் அணிக்குப் பதினொருவர். பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். பந்தை வைத்திருக்கும் அணியில் ஏழு பேர் எல்லைக்கோட்டில் நிற்க வேண்டும். அவர்களுள் நடுவில் நிற்கும் ஐவர் மலைபோன்ற உடலினர். எதிரிகளைத் தடுப்பதுதான் அவர்கள் வேலை. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு அனுமதியில்லை. ஓரத்தில் ஓடி நின்று பந்தைப் பிடிப்பவர்கள் வேறு. அவர்கள் மெலிந்த, வேகமான ஆட்கள். டைட் எண்ட் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவன். அந்த ஐவரின் வரிசையை ஒட்டியே நிற்பான். ஆனால் வரிசையின் முனையில் நிற்பதால் பந்தைப் பிடிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஒரு முறை அவன் தடுப்பான். மறுமுறை தடுப்பதுபோல் நின்று நழுவி ஓடிப் பந்தைப் பிடிப்பான். எப்போது எது செய்வான் என்று எதிரணிக்குத் தெரியக்கூடாது. அந்த ஐயம்தான் அவனுடைய பலம்.

முன்காலத்தில் அவனைத் தடுப்பாளனாகவே எண்ணினார்களாம். 1961-இல் சிகாகோ பேர்ஸ் அணிக்கு வந்த மைக் டிட்கா தம் முதல் பருவத்திலேயே 56 பந்துகளைப் பிடித்து 1,076 கெஜம் முன்னேறியபோதுதான், இந்த இடத்திலிருந்தும் இவ்வளவு செய்யலாம் என்று பலரும் கண்டனர். 1982 ஜனவரி 2 அன்று மயாமியில் நடந்த ஆட்டத்தில் கெல்லன் வின்ஸ்லோ 13 பந்துகளைப் பிடித்தார், 166 கெஜம். ஆட்டநேரத்தின் இறுதியில் எதிரணி உதைத்த பந்தையும் தடுத்தார். முடிவில் சகாக்கள் தாங்கிப்பிடித்தே அவரை வெளியே கொண்டுசென்றனர். அன்டோனியோ கேட்ஸ் கல்லூரியில் கூடைப்பந்து மட்டுமே ஆடியவர். 2003-இல் எந்த அணியும் தேர்வில் அவரை எடுக்கவில்லை. ஆயினும் சான் டியேகோ அணியில் தாமாகச் சேர்ந்து, பின்னாளில் 116 டச்டவுன்களைப் பிடித்தார். வேறெந்த டைட் எண்டும் அவ்வளவு பிடித்ததில்லை. இவையெல்லாம் என் மகன் மூச்சுவிடாமல் சொன்னவை. பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைச் சொல்லக் கேட்டால் பெருமூச்சு விடுபவன், இதைச் சொல்லும்போது கண்கள் ஒளிர்ந்தன.

அன்றிலிருந்து இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் அவனோடு அமர்வது வழக்கமாயிற்று. அவன் ஆட்டக்காரனுக்கு ஆறடி ஐந்து அங்குல உயரம். எடை 245 பவுண்டு. இந்த எடையைத் தேர்ந்ததற்கும் கணக்கு இருந்தது. இன்னும் இருபது பவுண்டு கூட்டினால் வலிமை வரும், வேகம் போகும். டைட் எண்டைக் காவல் காக்க வருபவர்கள் இரு வகையினர். லைன்பேக்கர் எனப்படுபவன் உடல் பெருத்தவன். அவனை இவன் வேகத்தால் முந்த வேண்டும். சேஃப்டி எனப்படுபவன் வேகமானவன், ஆனால் உயரம் குறைந்தவன். அவனை இவன் உயரத்தாலும் துள்ளலாலும் வெல்ல வேண்டும். பருத்தவனிடம் வேகம், வேகமானவனிடம் பருமன். இந்த இரண்டும் ஒருங்கே அமையும் அளவில் புள்ளிகளைப் பங்கிடுவதுதான் நல்ல ரிசீவிங் டைட் எண்டை உருவாக்கும் கலை.

"எல்லாவற்றிலும் சமமாகப் போட்டுவிடேன். நடுநிலைதானே நல்லது?" என்று யோசனை சொன்னேன்.

சிரித்தான். "முதல் ஆளை அப்படித்தான் செஞ்சேன், வாப்பா. எல்லாத்துலயும் சுமார். அதனால எதுலயும் அவனை நம்பி இறக்க முடியல. ரெண்டு சீசன்ல அவனை ஓய்வுபெற வச்சுட்டேன்."

இப்போதைய ஆட்டக்காரனுக்கு அவன் வகுத்திருந்த வரிசை இது. முதலில் வேகம், விலை இரட்டிப்பாகும் எல்லைவரை. பிறகு பந்தைப் பிடிக்கும் திறன். அதன்பின் திடீரென்று திசைமாறும் உடல் வளைவு, ஏனெனில் நேராக மட்டும் ஓடுபவனை எவரும் பிடித்துவிடுவர். பிறகு பார்வை, பந்து எறியப்படும் கணத்தை முன்கூட்டி உணர அது வேண்டும். கடைசியில் துள்ளல். ஒரு வாரத்துப் புள்ளிகளைச் செலவிடாமல் சேமித்து ஒரே நாளில் இடும் நுட்பமும் இருந்தது. வீட்டுச் செலவுக்கு நான் போடும் மாதக்கணக்கில்கூட இவ்வளவு ஒழுங்கு இல்லை.

நானும் மெல்ல ஈடுபட்டுவிட்டேன் என்பதை மறைக்கமாட்டேன். ஒரு காலை, ஏழு கெஜம் தேவைப்பட்ட கடினமான வாய்ப்பில், எங்கள் வட்டப்புள்ளி இரண்டு எதிரிகளுக்கு இடையே புகுந்து பந்தைப் பிடித்துப் பதினான்கு கெஜம் போனது. நான் "மாஷா அல்லாஹ்!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப்பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனாள்.

அப்படியொரு நாளில்தான் அந்தப் பட்டியலின் கடைசி வரியைக் கவனித்தேன். தடுத்தல்: 12. ஆட்டக்காரன் பிறந்த நாளில் இருந்த அதே எண். ஏழு வாரங்களில் ஒரு புள்ளிகூட அதில் சேரவில்லை. ஒஹையோ பயிற்சியாளரின் செய்தியும் வந்திருந்தது. ஓட்ட ஆட்டங்களில் உன் ஆளை நிறுத்த முடியவில்லை, கொஞ்சமாவது தடுக்கக் கற்றுக்கொடு என்று கேட்டிருந்தார். மகன் அதற்குப் பதில் எழுதவில்லை.

எனக்கு நல்ல வாய்ப்பு கிடைத்ததாக எண்ணினேன். பிள்ளைக்கு மார்க்கத்தைப் புகட்ட இதைவிடப் பொருத்தமான தருணம் ஏது? குரலைக் கனிவாக்கிக்கொண்டு தொடங்கினேன். பந்தைப் பிடிப்பவனை எல்லாரும் பார்ப்பார்கள். தடுப்பவனை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பிறர் பார்க்கவேண்டும் என்று எண்ணாமல் செய்யும் அமலுக்குத்தான் அல்லாஹ்விடம் கனம் அதிகம். இக்லாஸ் என்பது அதுதான். ஆகவே நீ சில புள்ளிகளையேனும் தடுத்தலுக்குக் கொடுக்க வேண்டும்.

அவன் குறுக்கே பேசவில்லை. முடிக்கும்வரை கேட்டுவிட்டு, மடிக்கணினியைப் பாதி மூடினான். என்னைப் பாராமலே சொன்னான்.

"நான் ஒரு சீசன் முழுக்க தடுத்திருக்கேன், வாப்பா. எனக்கு ஒரே ஒரு பந்துதான் வந்துச்சு. அன்னைக்கு நீங்க பள்ளியில இருந்தீங்க."

சில கணங்கள் எனக்கு எதுவும் விளங்கவில்லை. பின்னர் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, உயர்நிலைப்பள்ளியின் முதல் வகுப்பில், புதிய மாணவர்களின் ஃபுட்பால் அணியில் அவன் சேர்ந்திருந்தான். அனுமதிப் படிவத்தில் நான்தான் கையெழுத்திட்டேன். ஆகஸ்ட் மாதத்து டெக்ஸாஸ் வெயிலில் பயிற்சி முடித்து முகம் சிவந்து வருவான். எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டைட் எண்ட் என்னும் சொல்லை அன்றே அறிந்திருப்பேன். அவர்களுடைய ஆட்டங்கள் வியாழக்கிழமை மாலைகளில் நடந்தன. எங்கள் பள்ளிவாசலின் தஃப்ஸீர் வகுப்பும் வியாழன் மாலைதான். நிர்வாகக் குழுவின் செயலாளர் நான். ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பதும், வந்தோரை அமர்த்துவதும், இறுதியில் நன்றியுரை சொல்வதும் என் பொறுப்பு. ஒன்பது ஆட்டங்கள் நடந்தன. இளையவளைத் தூக்கிக்கொண்டு என் மனைவி மூன்றுக்குப் போனாள். நான் ஒன்றுக்கும் போகவில்லை. மறு ஆண்டு அவன் அணியில் சேரவில்லை. படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்துபோனேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஸல்மான் (ரலி) அவர்களும் அபூதர்தா (ரலி) அவர்களும் தொடர்பான நிகழ்ச்சியை நாம் எல்லாரும் அறிவோம். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்கு விருந்தினராக வந்த ஸல்மான் (ரலி) அவர்கள், அவரை உண்ணவைத்தார்கள், உறங்கவைத்தார்கள், இரவின் இறுதிப் பகுதியில் இருவருமாக எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை அவரவர்க்குக் கொடுக்கும்படி எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். இதை நான் பலமுறை பிறருக்கு எடுத்துச் சொன்னவன். என் புள்ளிகளை எதில் இட்டுவந்திருக்கிறேன் என்று மட்டும் எண்ணிப்பார்த்ததில்லை.

பள்ளிவாசல் பணி வீண் என்று நான் சொல்லவில்லை, அல்லாஹ் பாதுகாப்பானாக. அது சிறந்த பணி. ஆனால் ஒவ்வொரு வியாழனும் நானே நிற்கவேண்டிய கட்டாயம் இருந்ததா? ஒலிபெருக்கியைச் சரிபார்க்க நான்கு இளைஞர்கள் காத்திருந்தார்கள். மேடையில் என் பெயர் சொல்லப்படுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதை அந்த இரவில் ஒப்புக்கொண்டேன். யாரும் பார்க்காத வேலையைச் செய் என்று மகனுக்குப் போதித்தவன், எல்லாரும் பார்க்கும் பந்துகளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உறைத்தது. இக்லாஸைப் பற்றி நான் சொன்னது சரிதான். சொன்ன இடம்தான் தவறு. என் அமலை அல்லாஹ் மட்டும் பார்த்தால் போதும் என்று நான் என்னைக் குறித்துச் சொல்லிக்கொள்ளலாம். என் பிள்ளையின் உழைப்பை நான் பாராதிருந்துவிட்டு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான், நீ எதிர்பார்க்காதே என்று அவனுக்குச் சொல்வது என் கடமையிலிருந்து நழுவுவதாகும். நபி (ஸல்) அவர்களின் வழிமுறை அதுவல்ல. அபூஉமைர் என்னும் சிறுவர் வைத்து விளையாடிய சின்னஞ்சிறு பறவை ஒன்று இருந்தது. ஒரு சமுதாயத்தையே சுமந்த அந்த மாமனிதர், அச்சிறுவரைக் கண்டபோது அந்தப் பறவையைப் பற்றி விசாரித்தார்கள். பறவையின் பெயரும் சிறுவரின் பெயரும் இயைந்து ஒலிக்கும்படி வேடிக்கையாகவே கேட்டார்கள். பிள்ளையின் விளையாட்டைப் பற்றி அக்கறையோடு கேட்பது ஸுன்னத்தில் உள்ளது. நான் அதை ஹதீஸ் வகுப்பில் கேட்டுப் புன்னகைத்ததோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினேன். "அந்த ஒரு பந்தைப் பற்றிச் சொல்" என்றேன். முதலில் தயங்கினான். பிறகு சொன்னான். ஆறாம் ஆட்டம். மூன்றாம் கால் பகுதி. தடுப்பதுபோல் இரண்டு எண்ணிக்கை நின்றுவிட்டு நழுவி ஓடவேண்டும். பந்து சற்றுத் தாழ்வாக வந்தது. முழங்காலுக்குக் கீழே பிடித்தான். ஒன்பது கெஜம். எழுந்ததும் பார்வையாளர் படிக்கட்டைப் பார்த்தானாம். உம்மாவும் அன்று வரவில்லை, தங்கைக்குக் காய்ச்சல். இவ்வளவையும் அவன் சாதாரணக் குரலிலேயே சொன்னான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கமல்ல. அவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "பரவாயில்லை, வாப்பா" என்று மட்டும் சொல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"ஆமாம், இந்த ஆட்டத்தில் உனக்கு எப்படி ஆசை வந்தது?" என்று பேச்சை மாற்றினேன். ஹுசைன் அப்துல்லாஹ் என்றான். நான் கேள்விப்பட்டிராத பெயர். கன்சாஸ் சிட்டி அணியில் ஆடிய நம் சகோதரர் ஒருவர். 2012-இல் ஹஜ்ஜுக்குச் செல்வதற்காக, தொழில்முறை ஆட்டத்தின் ஒரு பருவம் முழுவதையும் தம் சகோதரரோடு விட்டுக்கொடுத்தவர். 2014 செப்டம்பர் 29 அன்று, நாடே பார்த்த ஆட்டமொன்றில் டாம் பிரேடி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்து ஓடி டச்டவுன் எடுத்தார். எடுத்ததும் ஸஜ்தாவில் வீழ்ந்தார். அது விதிமீறல் என்று நடுவர் 15 கெஜம் தண்டனை விதித்தார். மறுநாள் அந்த அமைப்பே, தண்டனை விதித்திருக்கக்கூடாது என்று அறிவித்தது. அந்தக் காணொளியை என் மகன் ஒன்பது வயதில் பார்த்திருக்கிறான். தானும் ஒரு நாள் டச்டவுன் எடுத்து ஸஜ்தா செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். ஏழு ஆண்டுகளாக அந்த ஆசை என் வீட்டுக்குள்ளேயே நடமாடியிருக்கிறது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதன்பின் வீட்டில் பெரிய மாறுதல் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. வியாழன் வகுப்பின் பொறுப்பை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அவர் என்னைவிடச் சிறப்பாகவே செய்கிறார். மகன் பள்ளி அணிக்குத் திரும்பவில்லை; திரும்பும்படி நான் வற்புறுத்தவும் இல்லை. அந்தப் பருவம் முடிந்துவிட்டது. விளையாட்டில் செலவிட்ட புள்ளி திரும்பாததைப் போலத்தான் அதுவும். இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் மட்டும் தொடர்கிறது. ஃபஜ்ருக்கும் எழுகிறான். ஆட்டம் இல்லாத நாள்களிலும் எழுகிறான் என்பதை மெல்லக் கவனித்தேன். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள், நான் கேளாமலே, சேமித்த புள்ளிகளில் ஒரு பகுதியைத் தடுத்தலில் இட்டான். 12 என்பது 20 ஆயிற்று. நான் வியந்து பார்த்ததைக் கண்டு, "நீங்க சொன்னதுக்காக இல்லை, வாப்பா" என்றான். காரணத்தையும் சொன்னான். இவனுக்குத் தடுக்கவே வராது என்பதால் பயிற்சியாளர் ஓட்ட ஆட்டங்களில் இவனை வெளியே எடுத்துவிடுகிறார். ஆகவே இவன் களத்துக்கு வந்தாலே பந்து எறியப்படப்போகிறது என்று எதிரணி கண்டுகொள்கிறது. நல்ல தடுப்பாளனாக வேண்டியதில்லை. தடுக்கவும் கூடும் என்று எதிரி நம்பும் அளவுக்கு இருந்தால் போதும், பிடிக்கும் வாய்ப்பும் தானே கூடும். எனக்கு மார்க்க விளக்கம் சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

சென்ற மாதம், அவன் பழைய அணித்தோழன் ஒருவனின் தாயார், அந்தப் பருவத்தில் தாம் கைபேசியில் எடுத்த காணொளிகளை என் வேண்டுகோளுக்கு இணங்க அனுப்பிவைத்தார். ஆவலோடு தேடினேன். ஒன்பது கெஜப் பந்து அவற்றில் இல்லை. அவர் தம் மகனைத்தான் படம் எடுத்திருந்தார். அவன் பந்தோடு ஓடுபவன். ஒரு காட்சியில் அவன் வலப்புறமாகத் திரும்பி இருபது கெஜம் ஓடுகிறான், கூட்டம் ஆரவாரிக்கிறது. சில மாதங்களுக்கு முன்னர் என்றால் நானும் அந்தப் பையனை மட்டுமே பார்த்திருப்பேன். இப்போது எங்கே பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. படத்தின் ஓரத்தில், வரிசையின் முனையில், 86 என்னும் எண்ணிட்ட சட்டை. தன்னைவிடப் பெரிய ஒருவனை இரு கைகளாலும் தாங்கிக் கால்களை ஊன்றி நிற்கிறான். அவனுக்கும் பக்கத்துத் தோழனுக்கும் இடையில்தான் அந்த வழி திறக்கிறது. பந்து போய்விடுகிறது, கைபேசியும் அதன் பின்னே போய்விடுகிறது. அவன் அப்போதும் பிடியை விடவில்லை.

அதை நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாம் முறை மகனை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டேன். "இதுதானே நீ?" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினேன்.

"ஆமாம், வாப்பா" என்றான். சற்றுப் பொறுத்து, "என் கால் வச்ச விதம் தப்பு. இன்னும் அகலமா வச்சிருக்கணும்" என்றான். பிறகு அதை எப்படி வைக்கவேண்டும் என்று எழுந்து நின்று எனக்குச் செய்துகாட்டினான்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! அவர்களைக் காணும் கண்களையும் நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.